மாமா திருப்பிப் போட்ட தட்டு

பழைய இரும்பு எடுக்க வந்தவர் கொட்டகைக்குள் செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சி, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "முந்நூறு கிலோ வரும்க்கா. ரப்பர், மண்ணு கழிவு போக எடைக்கு எடை காசு. இன்னைக்கே வண்டி கொண்டாரட்டா?"

அவர் தட்டிப் பார்த்தது என் மாமனார் வாங்கிய கடலை போடுகிற மிஷினை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி விதை ஊன்றுகிற கருவி. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடாமல், கோழி அடையும் இடமாகக் கிடந்தது. கொட்டகையை இடித்துவிட்டு இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்பது என் கொழுந்தனார் யோசனை. தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கோவிலூர் என்றதும் எல்லோருக்கும் கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடமும்தான் ஞாபகம் வரும். நாங்கள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, செம்மண் காட்டோரம் இருக்கிறவர்கள். பக்கத்தில் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய தேக்குத் தூண், பித்தளைப் பாத்திரம், எனாமல் தட்டு, பல் விழுந்த மரப்பாச்சி என்று எதற்கும் ஒரு விலை உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தடவித் தடவிப் பார்த்து வாங்கிப் போவார்கள். விதை போட்ட இரும்புக்கு மட்டும் அந்தத் தெருவில் இடமில்லை. அதற்கு எடைதான்.

"ஆடி முடியட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன் கொழுந்தனாரிடம்.

"என்ன மதினி, துருப்பிடிச்சதுல என்ன இருக்கு? வாடகைக்கு எடுத்தா புது மிஷினே வந்து போட்டுட்டுப் போகுது."

அதுவும் உண்மைதான். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குத் தருகிறார்கள். செல்போனில் பதிவு செய்தால் போதும். ஆனால் எங்கள் மண்ணில் ஈரம் நிற்கிற கதை பதிவு செய்கிறவருக்குத் தெரியாது. ஆடியில் ராத்திரி ஒரு மழை பெய்தால் அதற்கப்புறம் இரண்டு நாள். மூன்றாம் நாள் மண் காய்ந்து சரளையாகிவிடும். அந்த இரண்டு நாளில் சுற்றுப்பட்டு ஊர் அத்தனைக்கும் அதே மிஷின் வேண்டும்.

மாமாவிடம் கேட்கலாம் என்றால் அவர் பேசமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் வாதம் வந்து வலது கை, கால் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. சொல்வது புரியும். பதில் வராது. என்னை "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. இப்போது அதில் "த்தா" மட்டும் மிச்சம். பசித்தாலும் "த்தா", கோபம் வந்தாலும் "த்தா". அந்த மிஷினைப் பற்றி இந்த வீட்டில் யாருக்காவது தெரியும் என்றால் அது அவருக்கு மட்டும்தான். அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

இந்த மிஷின் வருவதற்கு முன்னால் எப்படி என்று எனக்குத் தெரியும். நான் வாக்கப்பட்டு வந்த வருடம் கடலை விதைப்பு ஏர் மாட்டில்தான். மாமா ஏர் பிடிப்பார். கலப்பை போட்ட சாலில் நாங்கள் பெண்கள் பின்னாலேயே நடந்து பருப்பை ஒவ்வொன்றாக நழுவ விட வேண்டும். மடியில் பருப்பு, கை கீழே. கட்டை விரலோடு சேர்த்த உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பருப்பு. என் மாமியார் பின்னால் வந்து பார்ப்பார். இரண்டு பருப்பு சேர்ந்து விழுந்திருந்தால், "விதைக் கடலையத் தின்னவ மாதிரி போடுறாளே" என்பார். விதைப்பு முடிந்த ராத்திரி இடுப்பு நமதில்லை. பிறகு ஒரு வருடம் லாரியில் இந்த மிஷின் வந்து இறங்கியது. அப்போதே பழசு, இரண்டாம் கையாகத்தான் வாங்கினார். எங்கள் இடுப்புக்கு விடுதலை என்று மாமியார் அதற்குச் சூடம் காட்டினார்.

அப்புறம் டிராக்டரை விற்றோம், கிணறு வற்றியது, கடலைப் போகம் நின்றது. என் மகன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, பழைய மாஸி 1035 ஒன்றை வாங்கி, இரண்டு ஏக்கரில் கடலை போடுகிறேன் என்றபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. சால் விதைப்புக்கு ஆள் கேட்டுப் பார்த்துவிட்டேன். என்னோடு அன்று விதை போட்டவர்களுக்கெல்லாம் இன்று முட்டிவலி. எனக்கும்தான்.

முதல் வேலை கழுவுவது. மண்ணெண்ணெய்க்குப் பதில் டீசலை ஊற்றி, பழைய துணியால் துடைத்தோம். கம்பிப் பிரஷ்ஷை எடுத்த மகனைத் தடுத்தேன். பெயின்ட்டைச் சுரண்டினால் அதில் எழுதியிருப்பதும் போய்விடும் என்று ஏதோ தோன்றியது. நல்லவேளை தோன்றியது.

எந்தக் கம்பெனி என்று பார்க்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவோம். பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைதான் இருந்தது. மேலே நீலம், உரிந்த இடத்தில் சிவப்பு. சிவப்பென்றால் மாஸி, நீலமென்றால் ஃபோர்டு என்று பக்கத்து வீட்டுத் தம்பி அடித்துச் சொன்னார். பட்டறையில் எந்த டப்பா மிச்சமோ அதுதான் கருவிக்கு நிறம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு கேட்டே மூன்று நிறம்.

மகனிடமிருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டில் எதுவும் நட்டில் சரியாக உட்காரவில்லை. லேத் பட்டறைப் பெரியவரிடம் இன்ச் செட் இரவல் வாங்கி வந்த பிறகுதான் பிடித்தது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் இந்தியாவில் 1956-லேயே வந்துவிட்டாலும், பட்டறைகளில் இன்ச் நட்டு போல்ட்டு வெகுகாலம் ஓடியது. அதனால் இதை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. பழசு என்று மட்டும் சொல்லலாம். அது நமக்கு ஏற்கெனவே தெரியும்!

பெரியவர் ஒரு நாள் வெர்னியரோடு வந்தார். தகடு இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாட்டுகிற இடத்துக்குப் போய்ப் பின்னை அளந்தார். கீழ்ப் பின் இரண்டும் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. "உங்க வண்டிக்கு அப்படியே ஏறும். இது முதல் வகை. இதுவே கீழ்ப் பின் 28க்கு மேல இருந்தா பெரிய வண்டியோடது" என்றார்.

டிராக்டருக்குப் பின்னால் கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் கருவி மாட்டுகிறோமே, அந்த ஏற்பாட்டை 1920-களில் உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்கிற மனிதர். அவர் பெயர்தான் மாஸி பெர்குசனில் இருக்கிறது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே அந்த வண்டிகளை நம் ஊருக்குக் கொண்டுவந்தது. மூன்று புள்ளிக்கும் பின் அளவு இன்னது என்று உலகம் ஒத்துக்கொண்டதால்தான், யார் செய்தது என்றே தெரியாத கருவி எங்கள் வண்டியில் ஏறியது. பெயர்த் தகட்டைத் தேடி இரண்டு நாள் வீணாக்கியிருந்தோம். பின்னை முதலில் அளந்திருக்கலாம்.

அடுத்து விதைப்பெட்டி. ஐந்து பெட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் வார்ப்பிரும்பில் ஒரு வட்டத் தட்டு படுத்த வாக்கில் கிடக்கிறது. தட்டின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள், அதாவது மேலும் கீழும் திறந்த ஓட்டைகள். தரையில் உருளும் இரும்புச் சக்கரம் செயினை இழுக்க, செயின் தட்டைச் சுழற்ற, ஒரு குழிக்கு ஒரு பருப்பு உட்கார்ந்து வந்து குழாய் வாயில் விழும். இப்போது வருகிற கடலை மிஷின்களில் இந்தத் தட்டைச் சாய்த்து வைக்கிறார்கள். சாய்ந்த தட்டு பருப்பை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும், அதிகம் உடைக்காது. படுத்த தட்டு பழைய ஏற்பாடு. மக்காச்சோளம் மாதிரிக் கெட்டியான விதைக்குத்தான் அது தோது. கடலைப் பருப்பு மெல்லிய தோல்காரி. தோல் உரிந்தாலே முளைப்பு சந்தேகம். இரண்டாகப் பிளந்தால் அது விதையில்லை, சட்னி.

பெட்டிக்குள் இருந்த தட்டுகளில் 20 குழி. மூலையில் ஒரு சாக்கில் இன்னும் ஐந்து தட்டு. அவற்றில் 8 குழிதான், அதுவும் சின்னக் குழி. இது எதற்கு?

கொழுந்தனார் கொட்டகையைக் காலி பண்ணப் பார்த்தபோது பெட்டிகளையும் கொழுக்களையும் சட்டத்திலிருந்து கழற்றி அடுக்கியிருந்தார். எங்கே மாட்டுவது என்று சட்டத்தைத் துடைத்துப் பார்த்தால் கிளாம்ப் பிடித்திருந்த தழும்பு இரண்டு விதமாக இருந்தது. நீலப் பெயின்ட்டின் மேல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து தழும்பு. பெயின்ட் உரிந்த இடத்தில், அடியில் இருந்த சிவப்பில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று.

30 எங்களுடையது. மானாவாரிக் கடலைக்கு வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற இடைவெளி. 60 யாருடையது?

மகன் சக்கரத்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தான். 140 சென்டிமீட்டர். செயினில் நான்கு கண்ணி துருப்பிடித்து மடங்கவே இல்லை. அதை மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தைக் கையால் 10 சுற்றுச் சுற்றினோம். தட்டில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினால் சரியாக 7 சுற்று. கணக்கு தானாக வந்தது. சக்கரம் 10 சுற்றினால் வண்டி 14 மீட்டர் நகரும். 20 குழித் தட்டு 7 சுற்றுக்கு 140 பருப்புப் போடும். 14 மீட்டரில் 140, அதாவது 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. என் மாமியார் கேட்ட அதே உள்ளங்கை அகலம்!

8 குழித் தட்டுக்குப் போட்டுப் பார்த்தோம். 14 மீட்டரில் 56 விதை. 25 சென்டிமீட்டருக்கு ஒன்று. வரிசை 60. பேரன் வயதுப் பையன் ஒருத்தன் செல்போனில் தட்டிப் பார்த்து, "60க்கு 25ன்னா மக்காச்சோளம் பெரியம்மா" என்றான். எங்கள் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். கோழித் தீவனத்துக்கு அதை ஏக்கர் கணக்கில் போடுவது உடுமலை, திண்டுக்கல் பக்கம். அன்று ராத்திரி மாமாவின் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். மிஷின் விலை எழுதிய பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரே வரி: உடுமலை லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, படு" என்றார்.

இனி விதை போட்டுப் பார்ப்பதுதான் பாக்கி என்று நினைத்தோம். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, மிஷினைக் கல் வைத்துத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு படி பருப்புப் போட்டோம். விதைக் கடலையை மிஷினில் உடைப்பதில்லை. நானும் இரண்டு பெண்களும் ஒரு வாரம் உட்கார்ந்து கையால் உடைத்த பருப்பு. மகன் சக்கரத்தைச் சுற்ற, நான் குழாயடியில் கிண்ணம் பிடித்தேன்.

கரகரவென்று சத்தம். பத்துச் சுற்றுக்கு ஒரு குழாயில் 97தான் விழுந்தது, 140 வரவேண்டிய இடத்தில். அதில் 31 உடைசல். மற்ற குழாய்களும் அப்படித்தான். கிண்ணத்தில் மாவாக இருந்தது. தட்டைக் கழற்றினால் பாதிக் குழிகளில் பருப்பு ஆப்பு அடித்த மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மகன் முகம் விழுந்துவிட்டது. "சித்தப்பா சொன்னதுதான்மா சரி" என்று எழுந்து போய்விட்டான். விதைப் பருப்பு என்ன விலை என்று அவனுக்குத் தெரியும். ஏக்கருக்கு 50 கிலோ வேண்டும். இதில் மூன்றில் ஒன்று மாவானால் அந்த வருடமே மாவு.

எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, நான்கு பருப்போடு மாமாவின் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அன்று காலையிலிருந்தே ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். யாரும் அவரை வந்து கேட்கவில்லை. பேச்சு வராதவரிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டோம்.

தட்டை அவர் இடது கையில் வைத்தேன். மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒரு குழியைத் தடவினார். பிறகு அதைக் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கம் அதே குழியைத் தடவினார். என் விரலைப் பிடித்து அந்தக் குழிக்குள் வைத்தார். மறுபடி கவிழ்த்து, மறுபடி என் விரல். அப்போதுதான் தெரிந்தது. குழி ஒரு பக்கம் குறுகல், ஒரு பக்கம் அகலம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு பருப்பை எடுத்துக் குறுகிய வாயில் போட்டார். அகலமான பக்கம் வழியாக அது வழுக்கிக்கொண்டு அவர் வேட்டியில் விழுந்தது. கவிழ்த்து அகல வாயில் போட்டார். நடுவில் போய் இறுகியது.

"த்தா" என்றார். இந்த முறை அது பசியும் இல்லை, கோபமும் இல்லை.

அகல வாய் கீழே இருக்க வேண்டும். நாங்கள் கழுவி மாட்டும்போது ஐந்தையும் தலைகீழாகப் போட்டிருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சின்ன விஷயத்தில் அந்த மிஷின் முந்நூறு கிலோ பழைய இரும்பாகப் போயிருக்கும்.

திருப்பிப் போட்டதும் உடைசல் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சத்துக்குக் காரணம், குழியில் அதிகமாகத் தொற்றிக்கொள்ளும் பருப்பைத் தள்ளிவிடுகிற சின்ன நாக்குக்குப் பின்னாலிருந்த ஸ்பிரிங். பழசு ஒடிந்து போயிருக்க, மகன் கையில் கிடைத்த விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தான். அது பருப்பைத் தள்ளவில்லை, வெட்டியது. லேத் பட்டறையில் மெல்லிய கம்பியில் புதிதாகச் சுற்றி வாங்கினோம். பருப்பைச் சல்லடையில் சலித்து மிகப் பெரியதையும் சிறுத்ததையும் ஒதுக்கினோம். மூன்றாவது முறை ஒரு குழாயில் 136, உடைசல் 4. நாங்கள் போட்டது 100 பருப்பு 40 கிராம் எடை. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் வருகிறது. போதும். கையால் போட்டபோது நாங்கள் மட்டும் என்ன, அச்சுப் பிசகாமலா போட்டோம்?

ஒரு விஷயம், உங்களில் யாராவது இப்படிப் பழைய மிஷினை இறக்கினால் சொல்லிவைக்கிறேன். விதை நேர்த்தி செய்வீர்கள் இல்லையா, டிரைகோடெர்மா கிலோவுக்கு 4 கிராம், அப்புறம் கஞ்சியில் கலந்து ரைசோபியம். அதை நிழலில் நன்றாக உலர்த்தாமல் பெட்டியில் கொட்டினால் பருப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழியில் இறங்காது. கையால் போடும்போது இந்தத் தொல்லை இல்லை.

ஆடி பத்து தேதிக்கு மேல் ஒரு ராத்திரி மழை கொட்டியது. மறுநாள் மதியம் மகன் மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தான். உருண்டை நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. அதற்கடுத்த நாள் விடியும்போது இறங்கிவிட்டோம். டாப் லிங்க்கைச் சுற்றி மிஷினை மட்டத்துக்குக் கொண்டுவந்தான். முன்னால் குனிந்தால் கொழு ஆழமாகப் போகும், பின்னால் சாய்ந்தால் மண்ணைச் சுரண்டிக்கொண்டு மேலேயே வரும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வைத்தோம். கீழ்க் கைகளின் சங்கிலியை இறுக்கினோம், மிஷின் ஆடாமல் வர. முதல் சாலில் சக்கரம் பத்துச் சுற்று வந்ததும் நிறுத்தி டேப் வைத்தால் 14 மீட்டர் 60 சென்டிமீட்டர். புழுதி மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். 10 சென்டிமீட்டர் இடைவெளி பத்தே கால், பத்தரை ஆகும். பரவாயில்லை என்று விட்டோம். மண்ணை விலக்கிப் பார்த்தேன். பருப்பு வரிசையாகப் படுத்திருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

என் வேலை பின்னால் நடந்து ஐந்து குழாயிலும் பருப்பு விழுகிறதா என்று கவனிப்பது. அந்த ஒரு வேலைதான் எனக்கு. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒன்றரை ஏக்கர் முடிந்திருந்தது. கொழுந்தனாருக்குப் போன் போட்டு, "தம்பி, உங்க துருப்பிடிச்ச மிஷின் எப்படி ஓடுதுன்னு வந்து பாருங்க" என்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. வரப்போரம் வேம்படிக்குப் போய் நின்று பேசினேன். கொஞ்ச நேரம்தான் பேசினேன் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு முளை வந்தது. வரிசை வரிசையாக, நூல் பிடித்த மாதிரி. கிழக்கு மூலைக்குப் போனபோது வயிற்றைப் பிசைந்தது. ஐந்து வரிசையில் இரண்டு இல்லை. அங்கிருந்து கடைசி வரை, போக வர, போக வர, இரண்டிரண்டு வரிசை வெறும் மண். விதைப்பெட்டியில் மிச்சம் பருப்பு இருந்ததை அன்றே பார்த்தோம். அளந்து போட்டதில் கூடுதல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தோம்!

மகனுக்கும் எனக்கும் காட்டிலேயே சண்டை. "நீ பின்னாலதானம்மா வந்த?" "நீ வண்டியில உக்காந்து திரும்பிப் பாக்க மாட்டியா?" சண்டை ஓய்ந்த பிறகுதான் மாமாவை நாற்காலியோடு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து வரப்பில் உட்கார வைத்தோம். அவர் முளையைப் பார்க்கட்டும் என்றுதான் அழைத்து வந்தோம். அவர் பார்த்தது வெறும் வரிசையை. இடது கையை நீட்டி, விரலை மடக்கி, தன்னை நோக்கிப் பின்னால் பின்னால் இழுத்துக் காட்டினார். மகனைப் பார்த்து மறுபடியும் அதையே காட்டினார்.

மகன் தலையில் கை வைத்தான். "ஆமாய்யா. அந்த மூலையில திரும்பும்போது சால் விட்டுப் போச்சுன்னு ரெண்டடி ரிவர்ஸ் எடுத்தேன்."

மிஷினைத் தூக்காமல் பின்னால் எடுத்தால், கொழுவின் பின்வாய் மண்ணை அள்ளி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தட்டு சுற்றும், பருப்பும் விழும், ஆனால் குழாயிலேயே தேங்கி நிற்கும். குழாய் நிரம்பியதும் பெட்டியிலிருந்து இறங்காது. குழாய் இரண்டையும் கழற்றி உதறினோம். முளை கட்டிய பருப்பு கொத்தாக விழுந்தது. பாட்டனுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது.

ஈரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு தண்ணீர் பாய்ச்சினோம். மறுநாள் நானும் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரும் மண்வெட்டியால் சால் இழுத்து, மடியில் பருப்புக் கட்டிக்கொண்டு குனிந்தோம். கட்டை விரலோடு உள்ளங்கை அகலம். கை மறக்கவே இல்லை. இடுப்பு மட்டும் மறந்திருந்தது. வரப்பில் நாற்காலியில் மாமா. ஒருத்தி சிரித்துக்கொண்டே, "ஒங்க மாமியா மட்டும்தான்டி பாக்கி" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தனார் வந்தார். காட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "கடையை ரோட்டுப் பக்கம் ஒண்ணா மட்டும் கட்டுவோம் மதினி, கொட்டகை பாதி நிக்கட்டும்" என்றார். பாதி போதும். மிஷின் அதில் அடங்கும்.

மிஷினைக் கழுவி, தட்டுகளுக்கு எண்ணெய் தடவி ஏற்றி வைத்த அன்று, நடுப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். கடலை: 20 குழி, அகல வாய் கீழே. வரிசை 30. சக்கரம் 10 சுற்று, தட்டு 7. மக்காச்சோளம்: 8 குழி, வரிசை 60. மெல்லிய ஸ்பிரிங். தூக்காமல் ரிவர்ஸ் எடுக்காதே. எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறதா என்று மாமாவிடம் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினார். பிரஷ்ஷை இடது கையால் வாங்கினார். கை நடுங்கியது, பெயின்ட் வேட்டியில் சொட்டியது. ரிவர்ஸ் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே கோணலாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொன்று.